முரட்டு முக்கோணம்

அந்தத் தையல் கூடத்தில் முக்கோணங்களுக்குப் பட்டப்பெயர் உண்டு. வைத்தவர் மாமியார். மூன்று பக்கமும் ஒரே நீளம் என்றால் அது ‘நல்ல பிள்ளை’. எந்த மூலையை எந்தக் கொக்கியில் மாட்டினாலும் மறுபேச்சு பேசாமல் உட்காரும். இரண்டு பக்கம் மட்டும் சமம் என்றால் ‘ஜோடி’. அந்த இரண்டும் சேருகிற மூலையைச் சரியான கொக்கியில் மாட்டிவிட்டால் போதும், மற்ற இரண்டைப் பற்றிக் கவலையில்லை. மூன்று பக்கமும் மூன்று நீளம் என்றால் ‘முரடன்’. ஒரு மூலை தப்பினாலும் ஊரைக் கூட்டிவிடும்.

பள்ளி, கடை, மருத்துவமனை என்று முற்றம் இருக்கிற இடங்களுக்கெல்லாம் நிழல் துணி தைத்துக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். மூன்று கொக்கிகளுக்கு நடுவே துணியை இழுத்துக் கட்டுவார்கள். சுவரும் கம்பமும் வாய்த்த மாதிரி முக்கோணமும் வாய்க்கும். துணி கைவிட்டுப் போவதற்கு முன் மாமியார் மூலைகளில் நூல் முடிச்சுப் போடுவார். நல்ல பிள்ளைக்கு முடிச்சே கிடையாது. ஜோடிக்கு ஒரே ஒரு மூலையில் சிவப்பு. முரடனுக்கு மூன்று மூலையிலும் சிவப்பு, பச்சை, மஞ்சள். கொக்கிகளுக்கும் அதே நிறத்தில் பொட்டு வைத்திருப்பார்கள். நிறத்தைப் பார்த்து மாட்டினால் வேலை முடிந்தது.

அளவெடுப்பது மாமனார். வெட்டுவது மாமியார். தைப்பதும் ஏணி ஏறி மாட்டுவதும் மகள். மாமனாருக்கு முழங்கால் மடங்க மறுத்ததிலிருந்து அளவெடுக்க ஆளில்லாமல் இருந்தது. அதே வீட்டில் வேலையில்லாமல் ஓர் ஆளும் இருந்தான். மகளின் கணவன்.

இரும்பு அலமாரி செய்யும் தொழிற்சாலையில் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவன். தொழிற்சாலை மூடி நாலு மாதம் ஆகிவிட்டது. தினமும் மனைவியோடு கூடத்துக்கு வருவான். வந்தால் நாற்காலி வரும். மின்விசிறி அவன் பக்கம் திரும்பும். கத்தரிக்கோலை நகர்த்தி வைக்கக் கை நீட்டினால்கூட, “ஐயோ, நீங்க ஏன் மாப்பிள்ளை? உக்காருங்க” என்று மாமியார் ஓடி வருவார். ஒரு நாளைக்கு மூன்று முறை டீ குடித்துக்கொண்டு, மற்றவர்கள் வியர்த்து வேலை செய்வதை வேடிக்கை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

இந்த நிலையில்தான் பழைய சிநேகிதன் கூப்பிட்டான். ரயிலில் ஒரு நாள் பயணம் போகிற தூரத்து ஊரில் அவனுக்குத் தெரிந்த கிடங்கில் இடம் இருக்கிறதாம். “சனிக்கிழமைக்குள்ள சொல்லு. தங்குறதுக்கு ஒரு ஆளுக்குத்தான் இடம். உன் சம்சாரம் அப்புறமா வரட்டும்” என்றான். அந்த ‘அப்புறம்’ எத்தனை வருஷம் என்று அவன் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. மனைவியிடம் சொன்னபோது அவள் “உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். வருஷத்துக்கு ஓர் ஊசிகூட உடைக்காதவள் அன்று இரண்டு உடைத்தாள்.

மறுநாள் அவன் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டான்.

“அத்தை, எனக்கு இங்கயே ஒரு வேலை குடுங்க.”

மாமியார் திடுக்கிட்டுக் கணவரைப் பார்த்தார். “மாப்பிள்ளைய வேலை வாங்கினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

“நாலு மாசமா சும்மா உக்கார வெச்சிருக்கியே, இப்ப மட்டும் அவங்க வாயை மூடிட்டா இருக்காங்க?” என்றார் மாமனார், மேஜை மேல் நீட்டியிருந்த காலைத் தடவிக்கொண்டே.

மாமியார் சுண்ணக்கட்டியை இரண்டு உருட்டு உருட்டினார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராக, “குழந்தைங்க காப்பகம் ஒண்ணு இருக்கு. முற்றத்துக்குத் துணி வேணுமாம். அளவெடுத்துட்டு வாங்க. துணி சரியா உக்காந்துடுச்சுன்னா அளவு வேலை இனிமே உங்களோடது. உக்காரலைன்னா, தப்பா நினைக்காதீங்க, நீங்க உங்க சிநேகிதர் சொன்ன வேலைக்கே போறது நல்லது. ஆனா ஒண்ணு. ஏணி மட்டும் ஏறக் கூடாது” என்றார்.

“உங்க பொண்ணு ஏறுறாளே அத்தை.”

“அவ என் பொண்ணு. விழுந்தா நான் அழுதுட்டுப் போறேன். நீங்க விழுந்தா உங்க அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?”

மெஷினுக்குப் பின்னாலிருந்து மனைவி, “கேட்டீங்களா? இந்த வீட்டுல என் மதிப்பு அவ்வளவுதான்” என்றாள்.

காப்பகத்து முற்றத்தில் கொக்கிகள் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே இருந்தன. வாசல் சுவரில் ஒன்று, படிக்கட்டுத் தூணில் ஒன்று, மணல் தொட்டிக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஒன்று. அவன் ஒரு நீளக் கழியின் நுனியில் டேப்பை மாட்டிக் கொக்கிக்கு உயர்த்தி, இழுத்து, அளந்தான். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை. பதினைந்து அடி, பதினெட்டு அடி, இருபத்தொரு அடி. சந்தேகமே இல்லை, முரடன்தான். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. குழந்தைகள் தூங்குவதற்கு வாங்கி வைத்திருந்த பாய் ஒன்றை விரித்து, அதில் மல்லாந்து படுத்து, தாளை முகத்துக்கு நேராகப் பிடித்து, மேலே தெரிந்த மூன்று கொக்கிகளையும் பார்த்தபடியே வரைந்தான். அளவு எழுதினான். நிறம் எழுதினான். இதைவிடச் சௌகரியமாக யாரும் அளவெடுத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

மாமியார் படத்தைக் கையில் வாங்கி, “கையெழுத்து முத்து முத்தா இருக்கு” என்றார். மேஜையில் துணியை விரித்தார். அந்தத் துணிக்கு மேல் முகம் நீலம். வெயிலும் மழையும் தாங்குவதற்குப் பூச்சுப் பூசியது. கீழ் முகம் பூச்சில்லாத சாம்பல். நீலம் மேலே இருக்கும்படி விரித்து, தாளில் இருந்தபடியே வெட்டினார். சுருளில் மிச்சமிருந்த துணி இந்த ஒரு முக்கோணத்துக்குத்தான் சரியாக இருந்தது. அடுத்த சுருள் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். காப்பகமோ திங்கட்கிழமை திறக்கிறது.

வியாழக்கிழமை காலையில் நாலு பேரும் போனார்கள். மனைவி ஏணியில் ஏறி, சிவப்பு முடிச்சைச் சிவப்புப் பொட்டில் மாட்டினாள். பச்சையைப் பச்சையில் மாட்டினாள். மஞ்சளை இழுத்தபோது துணி ஒரு முறை புரண்டு சாம்பல் முகத்தை வானத்துக்குக் காட்டியது.

“அடடா, முறுக்கிக்கிச்சு. கழட்டி மாட்டு” என்றார் மாமியார்.

கழற்றி நீலம் மேலே இருக்கும்படி மாட்டினாள். இப்போது பச்சைப் பொட்டில் மஞ்சள் முடிச்சு வந்து நின்றது. ஒரு பக்கம் மூன்று அடி போதவில்லை. இன்னொரு பக்கம் மூன்று அடி தொங்கியது. சுற்றி மாட்டிப் பார்த்தார்கள். எப்படியும் பொருந்தவில்லை. முடிச்சின்படி மாட்டினால் துணி தலைகீழ். துணி நேராக இருந்தால் முடிச்சு தப்பு.

“கம்பம் நகர்ந்திருக்கு” என்றார் மாமனார்.

“கம்பம் எப்படிப்பா நகரும்? அதுக்கென்ன காலா இருக்கு?”

துணியைத் தரையில் போட்டு அளந்தார்கள். பதினைந்து, பதினெட்டு, இருபத்தொன்று. மாமியார் வெட்டியதில் ஒரு விரல்கூடப் பிசகில்லை. கழியில் டேப்பை மாட்டிக் கொக்கிகளை அளந்தார்கள். பதினைந்து, பதினெட்டு, இருபத்தொன்று. அவன் எடுத்த அளவிலும் பிசகில்லை. எல்லாம் சரியாக இருந்து எதுவும் சரியில்லாமல் போனதை மாமியார் தன் தொழிலில் பார்த்ததே இல்லை. ஏணியின் பாதிப்படியில் உட்கார்ந்திருந்த மனைவிதான் கேட்டாள்.

“நீங்க எங்க நின்னுக்கிட்டு வரைஞ்சீங்க?”

“நிக்கல.”

“அப்புறம்?”

“படுத்துக்கிட்டு வரைஞ்சேன்.”

மாமனார்தான் முதலில் புரிந்துகொண்டார். அவர் இத்தனை வருஷமும் ஏணி உச்சியில் உட்கார்ந்து, கீழே குனிந்து பார்த்து வரைந்தவர். மேலிருந்து பார்த்தால் வலப்பக்கம் இருக்கிற கொக்கி, கீழே படுத்துப் பார்த்தால் இடப்பக்கம் போய்விடும். கண்ணாடியில் தெரிகிற மாதிரி. மாமியார் அதை மேலிருந்து பார்த்த படமாகவே எடுத்துக்கொண்டு வெட்டிவிட்டார். “ஏணி ஏறாதீங்கன்னு சொன்னது யாரு?” என்று மாமனார் மெல்லக் கேட்டார். மாமியார் முடிச்சுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தப்பு என்னோடது அத்தை. படத்துல எங்கிருந்து பார்த்தேன்னு எழுதியிருக்கணும்” என்றான் அவன்.

“நானும் கேட்டிருக்கணும்” என்றார் அவர். மரியாதை குறையாமல்தான் சொன்னார். அதுதான் அவனுக்கு வலித்தது. மகளாக இருந்தால் இந்நேரம் முற்றமே அதிரும்படி திட்டியிருப்பார். துணி உட்காரவில்லை. பேச்சு பேச்சுத்தான்.

சாம்பல் மேலே இருக்கட்டும் என்று விட முடியாதா என்று காப்பகத்தை நடத்தும் அம்மா கேட்டார். ஒரே மழையில் தண்ணீர் குடித்துவிடும், ஒரு வருஷத்தில் இற்றுப்போகும் என்று மாமியார் உள்ளதைச் சொன்னார். சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்வதாக அந்த அம்மா சொன்னார். அதன் பிறகு வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான்.

கூடத்துக்குத் திரும்பியதும் துணியை மேஜையில் நீலம் தெரிய விரித்துப் போட்டுவிட்டு, மாமியாரும் மாமனாரும் சாப்பிடப் போனார்கள். அவனுக்குப் பசியில்லை. மனைவி எதிரே உட்கார்ந்து, ஊருக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று பேசாமல் பேசிக்கொண்டிருந்தாள். அதாவது அவனுடைய சட்டைகளின் பொத்தான்களை எல்லாம் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

“ஏன், இதுக்கு முன்னாடி உங்களுக்கு இந்தத் தப்பு வந்ததே இல்லையா?” என்று கேட்டான்.

“வந்தாலும் தெரிஞ்சிருக்காது. நல்ல பிள்ளையும் ஜோடியும் புரட்டிப் போட்டாலும் அதே மாதிரிதானே இருக்கும்? முரடன் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் வரும். அதுக்கும் அப்பாவே ஏணியில இருந்து வரைஞ்சிடுவார்.”

“புரட்டிப் போட்டாலும் அதே மாதிரி” என்று அவன் திரும்பச் சொன்னான்.

“ஆமா. ஜோடிய நடுவுல மடிச்சா ரெண்டு பாதியும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும். அதுக்கு இடமும் வலமும் கிடையாது.”

அவன் பொட்டலம் கட்டும் காகிதம் ஒன்றை இழுத்தான். அடிக்கு ஓர் அங்குலமாகப் பதினைந்து, பதினெட்டு, இருபத்தொன்று வைத்து ஒரு சின்ன முரடனை வெட்டினான். முரடனுக்குத்தான் இடம் வலம் உண்டு. முரடனை ஜோடிகளாக உடைத்துவிட்டால்? முதலில் நீளப் பக்கத்தின் நடுவிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு கோடு போட்டான். அளந்து பார்த்தால் இரண்டு முரடன்கள் கிடைத்தார்கள். மனைவி சிரித்தே விட்டாள். “ஒருத்தனையே தாங்க முடியலையாம்.”

பிறகு ஜோடியை மடிப்பது போலவே இதையும் மடித்துப் பார்த்தான். நீளப் பக்கத்தின் ஒரு மூலையை மறு மூலை மேல் வைத்து மடித்து நகத்தால் கோடு இழுத்தான். அடுத்த பக்கத்தையும் அப்படியே. இரண்டு மடிப்பும் உள்ளே ஓரிடத்தில் வெட்டிக்கொண்டன. மூன்றாவதையும் மடித்தான். அதுவும் அதே இடத்தில் வந்து விழுந்தது. தப்பாக மடித்துவிட்டோமோ என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தான். அந்தப் புள்ளியிலிருந்து மூன்று மூலைக்கும் டேப்பை வைத்தான். பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாவதும் அதேதான்.

“இங்க பாரு” என்றான்.

புள்ளியிலிருந்து மூன்று மூலைக்கும் வெட்டினான். மூன்று துண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் சமம். முரடனுக்குள்ளே மூன்று ஜோடிகள் இருந்திருக்கின்றன. ஒரு துண்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, எதையும் புரட்டாமல், மற்ற இரண்டையும் இடம் மாற்றி வைத்தான். மூன்றும் இடுக்கில்லாமல் சேர்ந்தன. பழைய முரடனேதான், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து முரடன்.

மனைவி சட்டையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். “ஓரத்துல மடிச்சுத் தைச்சதைப் பிரிக்க வேண்டாம். உள்ள மூணு தையல், மூலையில கொக்கிக்கு மாட்டுற வளையம் மூணு. அவ்வளவுதான். அம்மா!” என்று கத்தினாள். “அம்மா, சாப்பிட்டது போதும், வா!”

மாமியார் ஈரக் கையோடு வந்தார். காகிதத் துண்டுகளை ஒரு முறை மாற்றி வைத்தார். திரும்ப மாற்றினார். “தைச்சு முடிச்ச துணியில கத்தரி வைக்கச் சொல்றீங்களா?” என்றார்.

“வேற துணி இல்லையே அத்தை.”

“இதுவும் போச்சுன்னா மூணு துண்டையும் வெச்சுக்கிட்டு மேஜையைத்தான் துடைக்கணும்.” சொல்லிக்கொண்டே துணியின் மூலையைப் பிடித்தார். “வாங்க, அந்தப் பக்கம் பிடிங்க. மூலைக்கு மூலை வைங்க. இழுத்துப் பிடிங்க மாப்பிள்ளை, மயிலிறகா அது?”

இரண்டு பேருமாக மடித்தார்கள். மூன்று மடிப்பும் ஒரே இடத்தில் விழுந்ததைத் துணியிலும் பார்த்தபோது மாமியார் அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்து, “இத்தனை வருஷம் இதைப் போட்டு வெட்டியிருக்கேன். உள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாமப் போச்சே” என்றார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு வெட்டினார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் தைத்தார்கள். துண்டின் மேல் துண்டு ஏறும் இடத்தில் இரண்டு விரல் அகலம் போயிற்று. அதைக் கொக்கியோடு இருக்கும் முறுக்கு ஆணி இழுத்துக்கொள்ளும் என்றார் மாமனார். மூன்று தையலும் கூடும் நடுவில் நீலத் துணி வட்டம் ஒன்றை வைத்து இரட்டைத் தையல் போட்டாள் மனைவி. பழைய முடிச்சுகளைப் பிரித்து, புதிய மூலைகளில் நிறம் பார்த்துப் போடுவது அவன் வேலை. சிவப்பு எது, பச்சை எது என்று ஒவ்வொன்றையும் நாலு முறை அவளிடம் கேட்டான். “கல்யாணத்தப்பகூட நீங்க இவ்வளவு யோசிக்கல” என்றாள் அவள்.

சனிக்கிழமை காலையில் சிவப்பு சிவப்பிலும் பச்சை பச்சையிலும் மாட்டிக்கொண்டன. மஞ்சள் மூலையை மனைவி இழுத்தாள். நீலம் வானத்தைப் பார்த்தபடியே இருந்தது. வளையம் கொக்கிக்கு இரண்டு விரல் முன்னால் நின்றது. முறுக்கு ஆணியைத் திருகத் திருக, தொங்கிக்கொண்டிருந்த துணி மெல்ல மெல்ல விறைத்தது. கடைசியாக ஒரு தட்டுத் தட்டினாள். மேளம் போல அதிர்ந்தது.

காப்பகத்து அம்மா அண்ணாந்து பார்த்தார். “நடுவுல இந்தத் தையல் எதுக்கு? முதல்ல இல்லையே.”

மாமனார் “அது ஒரு டிசைன்” என்று ஆரம்பித்தார்.

“டிசைனும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றார் மாமியார். “எங்க மாப்பிள்ளை புது ஆளு. படுத்துக்கிட்டு அளவெடுத்துட்டாரு. நானும் கவனிக்காம வெட்டிட்டேன். அப்புறம் அவரே வழி கண்டுபிடிச்சாரு. தையல் பிரிஞ்சா எப்ப வேணாலும் கூப்பிடுங்க, வந்து தைச்சுத் தரோம். ஆனா பிரியாது. தைச்சது என் பொண்ணு.”

அந்த அம்மா சிரித்துக்கொண்டே நிழலின் நடுவில் போய் நின்று பார்த்தார்.

அவன் மணல் தொட்டியின் ஓரம் ஒதுங்கி, சிநேகிதனைக் கூப்பிட்டான்.

“நான் வரலடா. இங்கயே வேலை கிடைச்சிருச்சு.”

“அப்படியா! என்ன வேலை?”

அவன் மேலே துணியை அண்ணாந்து பார்த்தான். “முக்கோணம்” என்றான்.

“முக்கோணமா? அதுல என்னடா வேலை?”

“மூணு வகை இருக்குடா. ரெண்டு வகை தொல்லையே இல்ல. மூணாவதுதான்...”

“மாப்பிள்ளை!” மாமியாரின் குரல் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. காப்பகத்துக் குழந்தைகள் வந்திருந்தால் திரும்பிப் பார்த்திருப்பார்கள். “அளவுக்காரர் போன்ல கதை பேசினா கயித்த யாரு சுத்துறது? பதினோரு மணிக்கு அடுத்த இடத்துல அளவெடுக்கணும்னு சொன்னேனா இல்லையா? காதுல என்ன பஞ்சா?”

“யாருடா அது திட்டுறது?” என்றான் சிநேகிதன்.

“என் அத்தைதான்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினான்.